எலிமினேட்டர் காலத்து நண்பனுக்கு

காவேரிப்பட்டணம்,
ஞாயிறு இரவு

அன்பு மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பேத்திக்கு ராஸ்பெரி பை 5 என்ற உள்ளங்கையளவு கணினி போர்டு வாங்கியதாகவும், அடாப்டரைத் தனியாக வாங்கச் சொல்கிறார்கள், வீட்டில் கிடக்கும் போன் சார்ஜர் போதாதா என்றும் கேட்டிருந்தாய். போதும் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நல்லவேளை, அதற்குள் அம்மா கூப்பிட்டுவிட்டாள். உனக்குப் பதில் சொல்லும் யோக்கியதை எனக்கு வெள்ளிக்கிழமைதான் வந்தது.

மாந்தோப்பில் இந்த வருஷம் பூ நன்றாக வந்திருக்கிறது. பெங்களூரா மரங்கள் தலை நிறையப் பூத்து நிற்கின்றன. செந்தூரா கொஞ்சம் ஏமாற்றிவிட்டது. போன வருஷம் பனியில் பூ கருகியது எந்த வாரம் என்று எனக்கும் மைத்துனனுக்கும் இன்னும் தீராத வழக்கு. அதற்காகவே மோட்டார் அறையில் அதே ராஸ்பெரி பையின் முந்தைய மாடலான பை 4 ஒன்றை வைத்து, கால் மணிக்கு ஒரு தரம் ஒரே கிளையைப் படம் பிடித்து, வெப்பநிலையையும் குறித்து வைக்கும்படி செய்திருக்கிறேன்.

பகலெல்லாம் சமத்தாக ஓடும். மாலை ஆறரைக்கு மேல் செத்துவிடும். எங்கள் பக்கம் அந்த நேரத்தில் எல்லாத் தோட்டத்து மோட்டாரும் ஓடும், குண்டு பல்பு மஞ்சளாகிவிடும், அது உனக்கே தெரியும். ஆகவே, குற்றவாளி யார் என்று யோசிக்கவே இல்லை. கரண்டைத் திட்டிக்கொண்டு போய், உள்ளங்கையளவு போர்டுக்கு ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி வந்தேன். மனைவி அதைப் பார்த்துவிட்டு, “ஃப்ரிட்ஜுக்குக்கூட நீங்கள் இதை வாங்கித் தரவில்லையே” என்றாள். ஸ்டெபிலைசர் வந்தும் போர்டு சாவது நிற்கவில்லை. இதற்கிடையில் மெமரி கார்டு இரண்டு தரம் கெட்டு, தை மாதப் படங்கள் மொத்தமும் போயின.

வெள்ளிக்கிழமை போர்வெல் மோட்டாரைத் தூக்க ஆள் வந்திருந்தார். எண்ணூறு அடிக்கு இறங்கும் கேபிளை மெல்லியதாகப் போட்டால் மேலே மீட்டர் சரியாகக் காட்டும், கீழே மோட்டார் திணறும் என்று சொல்லிக்கொண்டே வேலை பார்த்தார். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். முப்பது வருஷமாகத் தெரிந்த விஷயம்தானே. சட்டென்று மோட்டார் அறை மூலையில், அடாப்டரிலிருந்து பை போர்டுக்குத் தொங்கிய வெள்ளைக் கேபிளின் மேல் கண் போனது.

மீட்டரை எடுத்துப் போர்டிலேயே அளந்தேன். ஓரத்து வரிசையில் இரண்டாவது முள் 5 வோல்ட், மூன்றாவது முள் எர்த். பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. மீட்டர் முனை வழுக்கி இரண்டையும் ஒன்றாகத் தொட்டால் போர்டுக்குக் கருமாதிதான். நீ அளந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு அள. சும்மா இருக்கும்போது 4.72 வந்தது. இருட்டினால் தானாக எரிய ஒரு யு.எஸ்.பி. விளக்கை இந்தப் போர்டிலேயே செருகியிருந்தேன். அதை எரியவிட்டதும் 4.41. இந்தப் போர்டு 4.63க்குக் கீழே போனாலே திரையில் மின்னல் குறி காட்டி எச்சரிக்கும். என் மோட்டார் அறையில் திரை ஏது? யாருக்குக் காட்டும், பாவம்.

ஆக, மாலையில் செத்ததற்குக் காரணம் ஊர் மோட்டார்கள் இல்லை, என் விளக்கு. அடாப்டரின் முதுகில் 100–240 வோல்ட் என்று போட்டிருக்கிறது. 170 வந்தால்கூட அது பாட்டுக்கு 5 வோல்ட் கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கும். ஸ்டெபிலைசர் வாங்கப் போகும் முன் அதைத் திருப்பிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

பூதக்கண்ணாடியை வைத்துக் கேபிள் மேல் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தேன். 28 கேஜ். மோட்டார் காயில் கட்டுகிறவர்கள் சொல்வது போலத்தான், எண் ஏற ஏறக் கம்பி மெலியும். 28 கேஜ் கம்பிக்கு ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.21 ஓம் மின்தடை. கேபிள் ஒன்றரை மீட்டர், போக வர மூன்று மீட்டர். ஒரு ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.6 வோல்ட்டுக்கு மேல் விழுந்துவிடுகிறது. 230இல் அது தூசி. 5இல் எட்டில் ஒரு பங்கு! அதே நீளத்துக்கு 20 கேஜ் போட்டால் 0.1 வோல்ட்தான் விழும். கடையில் தடித்த கேபிள் ஒன்று வாங்கி, அதே அடாப்டரில் செருகினேன். விளக்கு எரிய எரிய 4.98. மூன்று நாளாக ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஸ்டெபிலைசர் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட்டது.

இனி உன் கேள்வி. பை 4க்கு அதன் சொந்த அடாப்டர் 5.1 வோல்ட், 3 ஆம்பியர். பேத்தியின் பை 5க்கு 5.1 வோல்ட், 5 ஆம்பியர், 27 வாட் என்று பெயர் போட்டு விற்பது. அந்தக் கூடுதல் 0.1 எதற்கு என்று இப்போது உனக்கே புரியும், வழிச்செலவு. போன் சார்ஜரில் 33 வாட், 65 வாட் என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதே. அந்த வாட் பெரும்பாலும் 9, 11, 20 என்று உயர்ந்த வோல்ட்டில் வருவது. போர்டுக்கு வேண்டியது 5. கீழே பொடி எழுத்தில் 5 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பார், பெரும்பாலும் 2 அல்லது 3தான் இருக்கும். 3 ஆம்பியரிலும் பை 5 ஓடும். ஆனால் 5 ஆம்பியர் கிடைக்கவில்லை என்று தெரிந்ததும் யு.எஸ்.பி. வாய்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லிஆம்பியர்தான் விடும், கிடைத்தால் 1600 விடும். குழந்தை ஹார்ட் டிஸ்க் மாட்டினாள் என்றால் அங்கே வம்பு.

என்னைக் கேட்டால், கேபிள் அடாப்டரோடு ஒட்டியே வருவதை வாங்கிவிடு. ராஸ்பெரி பை கம்பெனியின் 27 வாட் அடாப்டரில் 1.2 மீட்டருக்கு 17 கேஜ் கம்பி போட்டிருக்கிறார்கள். என் போல் எவனும் இடையில் நூல் கம்பியைச் செருக முடியாது. வேறு கம்பெனி என்றால் முதுகில் பி.ஐ.எஸ். என்ற இந்தியத் தர முத்திரையும் அதன் கீழ் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பார். அது இல்லாததை இனாமாகக் கொடுத்தாலும் தொடாதே. நான் ஒரு காலத்தில் தொட்டேன், அடாப்டர் வெந்த வாசனை வீட்டில் இரண்டு நாள் இருந்தது.

இதையெல்லாம் எழுதும்போது ஹாஸ்டலில் உன் டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கு பேட்டரிக்குப் பதில் நாம் மாட்டிய பழைய கால அடாப்டர், அந்த எலிமினேட்டர்தான் ஞாபகம் வருகிறது. 6 வோல்ட்டில் வைத்துத்தான் மாட்டினோம், ரேடியோ புகைந்தது. நான் வயரை மாற்றி மாட்டினேன் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாய். அந்த மாதிரி எலிமினேட்டர்கள் சுமை குறைவாக இருந்தால் 6 என்று போட்டிருந்தாலும் 9 வரை கொடுக்கும், மாப்பிள்ளை. சித்திரைக் கடைசியில் காய் அறுப்புக்கு வருவாய் அல்லவா, உன் பரணில் அது இன்னும் கிடந்தால் எடுத்து வா. மீட்டர் என்னிடம் இருக்கிறது.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்