மோடம் ஒயரைப் பிடுங்கிப் பார்

சிவகாசி
ஆவணி 12

அன்புள்ள மாப்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப நிம்மதி. நான் விசாரித்ததாகச் சொல்.

மதுரையில் இரண்டாவது கடை திறக்கிறாய், இரண்டுக்கும் சேர்த்து இன்டர்நெட் போன் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகப் போடு. போன வருஷம் நான் போட்டுப் பட்டதைச் சொல்கிறேன்.

ஆடிப்பெருக்கு அன்று புது காலண்டர் ஆல்பம் வந்ததும் எங்கள் அச்சகத்துக்குப் போன் ஓயாது என்பது உனக்குத் தெரியும். பழைய லேண்ட்லைனில் ஒருவர் பேசினால் மற்றவர்களுக்கெல்லாம் எங்கேஜ்தான். இப்போது அதே நேரத்தில் நாலு பேர் கூப்பிட்டாலும் ஆபீஸ், பைண்டிங், என் செல் எல்லாம் சேர்ந்து அடிக்கிறது. கை ஒழிந்தவர் எடுக்கிறார். போன் தரும் கம்பெனிக்காரர்கள் எத்தனை சேனல் தருகிறார்கள் என்று முதலில் கேள். ஒரு சேனலில் ஒரு பேச்சுதான் போகும்.

பேச்சுப் பதிவு கட்டாயம் இருக்கட்டும். காலண்டரின் அடியில் போடும் கடை நம்பரை ஒருவர் போனில் சொன்னார். எழுதிய பையனுக்கு அது ஏழா எட்டா என்று சந்தேகம். பதிவைப் போட்டுக் கேட்டோம், ஏழுதான். அச்சு பிளேட் போடுவதற்கு முன்பே தெரிந்ததால் தப்பித்தோம். பேச்சு பதிவாகிறது என்ற அறிவிப்பு மட்டும் முதலிலேயே வர வேண்டும்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சீசன் நடுவில் ஒருநாள் கரண்ட் போனது. கம்ப்யூட்டருக்கெல்லாம் யுபிஎஸ் இருந்தது, மூலையில் கிடந்த மோடத்துக்கு இல்லை. நாற்பது நிமிஷம் ஒரு போன் வரவில்லை. பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே செம்புக் கம்பியில் 48 வோல்ட் வந்துகொண்டிருக்கும், இருட்டிலும் மணியடிக்கும். இதற்கு மோடம், ரௌட்டர், போன் மூன்றுக்கும் நம் கரண்ட் வேண்டும். யுபிஎஸ் போட்டால் மட்டும் போதாது. நம் பக்கம் எல்லாம் செத்துக் கிடந்தாலும் கம்பெனிக்காரர்களின் சர்வரே அழைப்பை நம் செல்லுக்குத் திருப்ப வேண்டும். பணம் கட்டும் முன் அவர்கள் கண்ணெதிரிலேயே மோடம் ஒயரைப் பிடுங்கிவிட்டு, கடை நம்பருக்கு அடித்துப் பார்.

நெட் வேகத்துக்குக் கவலைப்படாதே. ஒரு பேச்சுக்குப் போக 100 கேபிபிஎஸ் (நொடிக்கு 100 கிலோபிட்), வர 100 கேபிபிஎஸ் இருந்தால் போதும். பெரிய ஃபைல் அனுப்பும்போது குரல் வெட்டும், அதனால் ரௌட்டரில் குரலுக்கு முன்னுரிமை வைக்கச் சொல்.

அப்புறம், பாஸ்வேர்டு. எங்களுக்குப் போட்டுக்கொடுத்தவர் 101-ஆம் எக்ஸ்டென்ஷனுக்கு, அதாவது உள் போன் நம்பருக்கு, பாஸ்வேர்டும் 101 என்றே வைத்துவிட்டுப் போயிருந்தார். ராத்திரியில் எவனாவது உள்ளே நுழைந்து வெளிநாட்டுக்குப் பேசினால் பில் நம் தலையில்தான் விழும். தேவையில்லை என்றால் ஐஎஸ்டியைப் பூட்டிவிடு.

பழைய நம்பரை மட்டும் சரண்டர் பண்ணாதே, மாப்ள. நாம் அடித்த காலண்டரில் வீட்டுக்கு வீடு தொங்குவது அதுதான். அந்த லைனில் வருவதைப் புது நம்பருக்குத் திருப்பிவிடு. புது நம்பர் முடிவானதும் எழுதி அனுப்பு. ஐப்பசிக்குள் வந்தால் இந்த வருஷக் காலண்டரில் இரண்டையும் போட்டுவிடலாம்.

அன்புடன்,
உன் மாப்ள