ஒரு மாதமாக ஆறாத புண்ணுக்கு மோரும் கீரையுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழ் மருத்துவக் கேள்வி பதிலில், நாக்கின் ஓரத்தில் ஒரு மாதமாகப் புண் ஆறவில்லை என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். உடல் சூடுதான், மணத்தக்காளிக் கீரையும் மோரும் சேர்த்துக்கொள்ளுங்கள், கவலை வேண்டாம் என்று பதில் வந்திருக்கிறது. ‘ஒரு மாதம்’ என்ற இடத்தை மட்டும் மருத்துவர் படிக்காமல் தாண்டிவிட்டார் போலிருக்கிறது. வெற்றிலை, புகையிலை போடுவீர்களா, பல் ஏதாவது உரசுகிறதா என்றுகூடக் கேட்கவில்லை.

என் மாமியாருக்கும் இந்த மோர் வைத்தியம்தான் நடந்தது. நடவுக்குப் போன காலத்திலிருந்து வெற்றிலைப் பழக்கம். புகையிலையை இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டுதான் தூங்குவார். அந்தக் கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து, தேய்த்தாலும் போகாத படை. வலி மட்டும் கிடையாது. அதனால் ஆஸ்பத்திரி என்ற பேச்சே அவர் காதில் ஏறவில்லை. அப்புறம் குழம்பு எரிகிறது என்று தயிர்சாதத்துக்கு மாறினார். மருந்துக்கடையில் பி காம்ப்ளக்ஸ் கொடுத்தார்கள். ஆடிய பல்லை ஒரு பல் மருத்துவர் பிடுங்கினார். குழி வாரக்கணக்கில் மூடவில்லை. “வயசாயிடுச்சும்மா, மெதுவாத்தான் ஆறும்” என்றார் அவர். அரசு மருத்துவமனையில் ஒரு பயிற்சி மருத்துவர்தான் டார்ச் அடித்துப் பார்த்து, கழுத்தைத் தடவிப் பார்த்து, சதைத் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். வாய்ப் புற்றுநோய் என்று முடிவு வந்தது. அதற்குள் கழுத்தில் கட்டி. தாடையில் பாதியை எடுத்தார்கள்.

திருவனந்தபுரம் பக்கம் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்ததில், புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005-லேயே லான்செட் என்ற மருத்துவ ஆய்விதழில் வந்தது. ஸ்கேன் எதுவும் இல்லை, வெறும் கண்ணும் வெளிச்சமும்தான். தாங்கள் அறியாததா?

உங்கள் சென்ற இதழின் பின்னட்டையில் பளபளவென்று வாசனைப் பாக்கு விளம்பரம். அதில் புகையிலை இல்லையே என்பீர்கள். வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் அறிக்கை வெளியிட்டாயிற்று. பாக்கு மெல்லும் இளவட்டங்களுக்கு வாய் இறுகி, மூன்று விரல்கூட உள்ளே போகாமல் நிற்பதை எந்தப் பல் மருத்துவரும் சொல்வார். தாம்பூலப் பையில் அந்தப் பொட்டலங்களைப் போடாதீர்கள் என்று முன்பே உங்களுக்கு எழுதினேன். இடமில்லை போலும். நடிகர் வீட்டு நாய்க்குட்டிக்கு ஒரு முழுப்பக்கம் இருந்தது. சந்தா கட்டிப் படிப்பவள், பார்த்து மகிழ்ந்தேன்.

ராசிபலனுக்குக் கீழே நாலு வரி கொடுத்தால் போதும்: இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத புண், தேய்த்தால் போகாத வெள்ளைப் படை, அதைவிட மோசமான சிவப்புப் படை, காரணமில்லாமல் ஆடும் பல், விழுங்கச் சிரமம், கழுத்தில் கட்டி, இதில் எது இருந்தாலும், வலிக்காவிட்டாலும், பல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ காட்டவும். அந்த வாசகியின் முகவரி உங்களிடம் இருக்குமே. அடுத்த இதழ் அச்சாகும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே அவருக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். கீரையும் சாப்பிடட்டும், வேண்டாமென்று நான் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
நாமக்கல் மாவட்டம்