மேட்ச் எத்தனை என்று முதலில் கேள்

அன்புள்ள தேன்மொழிக்கு,

நீ போனில் கேட்டதற்கு அங்கேயே பதில் சொல்லியிருப்பேன், ஆனால் நான் ஃபுட்பால் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று உன் அம்மா பக்கத்தில் நின்று கண்ணைக் காட்டினாள், அதனால் எழுதுகிறேன். பேத்தி நிலாவை ஃபுட்பால் அகாடமியில் சேர்க்கலாமா என்றால், தாராளமாகச் சேர். ஆனால் ஃபீஸ் எவ்வளவு, டர்ஃப் எப்படி, கோச் என்ன லைசென்ஸ் வைத்திருக்கிறார் என்பதெல்லாம் அப்புறம். பெண் பிள்ளைகளுக்கு வருஷத்தில் எத்தனை மேட்ச் கிடைக்கும் என்று முதலில் கேள். 'டோர்னமெண்ட் வரும்போது பார்க்கலாம்' என்று இழுத்தால் யோசித்துக்கொள்.

பி.டி. மாஸ்டராக இருந்தவன் சொல்கிறேன், மேட்ச் கிடைக்காததுதான் எங்களைக் கொன்றது. பள்ளிப் போட்டியில் குறுவட்டம், வருவாய் மாவட்டம், அப்புறம் மாநிலம், எல்லாமே பெரும்பாலும் நாக்-அவுட். ஒரு மேட்ச் தோற்றால் அந்த வருஷம் முடிந்தது, பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான். பெண்கள் பிரிவில் இன்னும் மோசம், எதிர் அணியே வராமல் வாக்-ஓவர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், பந்து காலில் படாமலேயே சான்றிதழ் கைக்கு வந்துவிடும். மாதக்கணக்கில் காலையில் எழுந்து ஓடிய பிள்ளைக்கு அது எப்படி இருக்கும்? பத்தாம் வகுப்பு வந்ததும் வீட்டில் போதும் என்பார்கள், அவளும் சரி என்று விட்டுவிடுவாள். படிப்பு ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அடுத்த ஞாயிறு மேட்ச் இருக்கிறது என்றால் அவ்வளவு லேசாக விட்டிருக்க மாட்டாள்.

2022-ல் பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகக் கோப்பை நம் நாட்டில் நடந்தபோது புவனேஸ்வரில் நம் பிள்ளைகள் அமெரிக்காவிடம் 8-0, மொராக்கோவிடம் 3-0, பிரேசிலிடம் 5-0 என்று தோற்றார்கள். ஒரு கோல்கூட அடிக்கவில்லை. கேம்ப் போட்டுப் பயிற்சி கொடுத்தார்கள்தான், ஆனால் சின்ன வயதிலிருந்தே வாராவாரம் லீக் ஆடி வளர்ந்த பிள்ளைகள் முன்னால் அது எத்தனை நேரம் தாங்கும்?

பங்களாதேஷைப் பார். 2011-லிருந்து தொடக்கப் பள்ளிப் பெண் பிள்ளைகளுக்கென்று நாடு முழுக்க ஒரு போட்டி நடத்தினார்கள். மைமன்சிங் பக்கம் கல்சிந்தூர் என்று ஒரு கிராமம், அந்த ஒரு பள்ளிக்கூடத்திலிருந்தே தேசிய அணிக்கு ஒரு கூட்டம் கிளம்பி வந்தது. தெற்காசியப் பெண்கள் கோப்பையை அதுவரை ஐந்து தடவையும் இந்தியாதான் வாங்கியிருந்தது. 2022-ல் காத்மாண்டுவில் அந்தப் பிள்ளைகள் நம்மை 3-0 என்று அடித்து, இறுதிப் போட்டியில் நேபாளத்தையும் 3-1 என்று முடித்துக் கோப்பையைத் தூக்கினார்கள். 2024-லும் அவர்கள்தான். இத்தனைக்கும் விதை, பள்ளிப் பிள்ளைகள் ஊர் ஊராக ஆடிய மேட்ச்.

நம் பக்கமும் ஒன்றும் சும்மா இல்லை. உன் பிறந்த மாவட்டத்துக்காரி இந்துமதி கதிரேசன், பண்ருட்டிப் பிள்ளை சந்தியா ரங்கநாதன், இரண்டு பேரும் இந்திய அணிக்கு ஆடியவர்கள். 2018-ல் கட்டக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாடு முதல் தடவையாகத் தேசியக் கோப்பையை வாங்கியது, 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மறுபடியும். நடுவில் 2019-ல் மதுரை சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக்கையே ஜெயித்தது. அந்த லீக் முதலில் ஏதோ ஒரு ஊரில் எல்லாரையும் கூட்டி வைத்துக் கொஞ்ச நாளில் முடித்துவிடுகிற கூத்தாக இருந்தது, 2023-24-ல்தான் முதல் தடவையாகச் சொந்த ஊரிலும் எதிரணி ஊரிலுமாக முறையாக நடந்தது. அது மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் 2025-ல் நம் சீனியர் பெண்கள் அணி தாய்லாந்தை அதன் ஊரிலேயே 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது, அதே வருஷம் இருபது வயதுக்குட்பட்ட அணியும் பதினேழு வயதுக்குட்பட்ட அணியும் அவரவர் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றன. மூன்றும் ஒரே வருஷத்தில்! எனக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை.

மாப்பிள்ளை 'இதில் எதிர்காலம் என்ன' என்று கேட்பார், கேட்கட்டும், அது அப்பனுடைய வேலை. இந்துமதி போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர் என்று சொல், அரசு வேலையில் விளையாட்டுக்கு 3% ஒதுக்கீடு இருப்பதையும் சொல். வெயிலில் கறுத்துப்போவாள் என்று உன் மாமியார் சொன்னால் சிரித்துவிட்டு விட்டுவிடு, பதில் சொல்லி ஜெயிக்கிற பேச்சு இல்லை அது.

அங்கே பெண்கள் அணி இல்லையென்றால் இந்த வயதில் பையன்களோடு ஆடலாம், தப்பே இல்லை, வேகம் கூடும். வார்ம்-அப் செய்யாமல் நேரே மேட்சில் இறக்குகிற கோச் என்றால் வேண்டாம், பெண் பிள்ளைகளுக்கு முழங்கால் சவ்வு கிழிவது அதிகம். மைதானத்தில் கழிப்பறை இருக்கிறதா என்று நீயே போய்ப் பார், போனில் கேட்டால் எல்லாரும் இருக்கிறது என்பார்கள். அவளுக்கு நாலாம் நம்பர் பந்துதான் வாங்க வேண்டும், ஐந்தாம் நம்பர் பன்னிரண்டு வயதுக்கு மேல்.

அப்புறம் முக்கியமான விஷயம், அவளுடைய பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்த்தாச்சா? ஆஸ்பத்திரியில் கொடுத்த தகவலோடு பெயர் இல்லாமல் அப்படியே கிடந்த ஞாபகம். போட்டிக்குப் பதிவு செய்யும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள், கடைசி நேரத்தில் அலையாமல் இந்த வாரமே போய் முடித்துவிடு.

அன்புடன்,
அப்பா