நிறுத்தும் திட்டம் இல்லாத ஆய்வுக்கு அனுமதி தராதீர்கள்: நெறிமுறைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவக் கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் இயங்கும் நெறிமுறைக் குழுக்களின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

ஒரு மருந்துப் பரிசோதனையின் புரோட்டோகால், அதாவது ஆய்வை எப்படி நடத்துவது என்ற எழுத்துத் திட்டம், உங்கள் முன் வரும்போது, யாரைச் சேர்ப்பது, எத்தனை பேரைச் சேர்ப்பது, ஒப்புதல் படிவம் நோயாளிக்குப் புரிகிற தமிழில் இருக்கிறதா, ஊறு நேர்ந்தால் இழப்பீடு யார் பொறுப்பு என்றெல்லாம் துருவிக் கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அந்தப் பரிசோதனை பாதியில் நின்றால் என்ன செய்வது என்ற பகுதி பெரும்பாலும் இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. பாதுகாப்புக்காகவோ நிர்வாகக் காரணத்துக்காகவோ எந்த நேரத்திலும் ஆய்வை நிறுத்த ஸ்பான்சருக்கு, அதாவது ஆய்வுக்குப் பணம் கொடுத்துப் பொறுப்பேற்கும் நிறுவனத்துக்கு, உரிமை உண்டு என்று எழுதியிருப்பார்கள். அந்த இரண்டு வரியை இனி ஏற்காதீர்கள் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறோம்.

பாதியில் நிற்பது எப்போதோ ஒருமுறை நடப்பதல்ல. சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, கனடா நாடுகளின் ஆறு நெறிமுறைக் குழுக்கள் 2000 முதல் 2003 வரை அனுமதித்த 1,017 ஆய்வுகளின் கதி என்ன ஆனது என்று தேடிப் பார்த்த கட்டுரை 2014இல் வெளிவந்தது. 253 ஆய்வுகள், அதாவது நான்கில் ஒன்று, நடுவிலேயே கைவிடப்பட்டிருந்தன. அவற்றில் 96 மட்டுமே குழுக்களுக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தன. மற்றவை நின்ற செய்தி, அவற்றுக்கு அனுமதி தந்தவர்களுக்கே போய்ச் சேரவில்லை. அதிகம் சொல்லப்பட்ட காரணம், போதிய நோயாளிகள் சேராதது.

முதலில் 'பலன் தெரிந்துவிட்டது' என்று நிறுத்துவதைப் பார்ப்போம். நல்ல செய்தி போல வருவதால் இதை யாரும் கேள்வி கேட்பதில்லை. வாக்கு எண்ணிக்கையில் மூன்றாம் சுற்று முன்னிலையை வைத்து வெற்றியை அறிவித்தால் எப்படியிருக்கும்? எண்ணி முடித்தால் முன்னிலை குறையலாம், மாறவும் செய்யலாம். முன்னிலை உச்சத்தில் இருக்கும் நேரம் பார்த்து நிறுத்தினால் அந்த உச்சமே முடிவாகப் பதிவாகிவிடும். கணக்கு இதுதான்: பலனே இல்லாத ஒரு மருந்தின் தரவை 5 சதவீத அளவுகோலில் ஒரே ஒருமுறை பார்த்தால், பலன் உண்டு என்று தவறாகச் சொல்லும் வாய்ப்பு 5 சதவீதம். இடையிடையே ஐந்து முறை பார்த்தால் அது 14 சதவீதம் ஆகும். பத்து முறை பார்த்தால் 19.

இதற்குப் புள்ளியியலில் எப்போதோ வழி கண்டாயிற்று. ஓ'பிரையன்–பிளெமிங் முறையில் ஐந்து முறை பார்ப்பதாக இருந்தால், முதல் பார்வையில் நிறுத்துவதற்கு பி-மதிப்பு (மருந்துக்குப் பலனே இல்லாவிட்டாலும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாகத் தெரியும் வாய்ப்பு) 0.00001க்கும் கீழே இருக்க வேண்டும். மூன்றாவதில் ஏறத்தாழ 0.0085, கடைசியில் 0.041. இன்னும் எளிய விதி ஹேபிட்டில்–பீட்டோ முறை. இடையில் எப்போது பார்த்தாலும் 0.001க்குக் கீழே இருந்தால்தான் நிறுத்தலாம். இவற்றில் எது என்று நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. எத்தனை முறை பார்ப்பார்கள், எல்லைக்கோடு என்ன, யார் பார்ப்பார்கள் என்று முதல் நோயாளி சேர்வதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். பார்க்கும் நேரத்தை மாதக் கணக்கில் குறித்திருந்தால் திருப்பி அனுப்புங்கள். ஆள் மெதுவாகச் சேரும் ஆய்வில் பன்னிரண்டாம் மாதத்தில் மாரடைப்போ மரணமோ பத்துக்கூட நிகழ்ந்திருக்காது. எத்தனையாவது நிகழ்வில் பார்ப்பது என்று குறிப்பதே சரி. அந்தத் தரவைப் பார்ப்பவர் ஸ்பான்சரின் சம்பளப் பட்டியலில் இல்லாத புள்ளியியலாளராக இருக்க வேண்டும்.

நிகழ்வு எண்ணிக்கையை ஏன் வலியுறுத்துகிறோம் என்றால், பலனுக்காக நிறுத்தப்பட்ட 143 ஆய்வுகளை 2005இல் தொகுத்துப் பார்த்தபோது, நிறுத்திய நேரத்தில் இருந்த நிகழ்வுகளின் இடைநிலை எண் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) வெறும் 66. 2010இல் வந்த இன்னொரு தொகுப்பு, அப்படி நின்ற 91 ஆய்வுகளை அதே கேள்விக்காக முழுதாக நடந்த 424 ஆய்வுகளோடு ஒப்பிட்டது. பாதியில் நின்றவை பலனைக் கூட்டியே காட்டியிருந்தன. நிகழ்வுகள் 500க்குக் குறைவாக இருந்த ஆய்வுகளில் அந்த மிகை இன்னும் கூடுதல்.

இதற்கு நோயாளிகள் கொடுக்கும் விலையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் காணலாம். பெல்ஜியத்தின் லூவன் நகரில் 1,548 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், இன்சுலின் சொட்டு மூலம் ரத்தச் சர்க்கரையை 80–110க்குள் இறுக்கிப் பிடித்தபோது, அந்தப் பிரிவில் இறப்பு 8 சதவீதத்திலிருந்து 4.6 சதவீதமாகக் குறைந்ததாகத் தெரிந்தது. ஆய்வு முடியும் முன் தரவைப் பார்க்கும் இடைப் பகுப்பாய்விலேயே நிறுத்தி 2001இல் வெளியிட்டார்கள். உலகெங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அந்த இலக்கை எடுத்துக்கொண்டன. பிறகு 6,104 நோயாளிகளை வைத்து நடந்த நைஸ்-சுகர் ஆய்வு 2009இல் வந்தது. 90 நாளில் இறந்தவர்கள், இறுக்கிப் பிடித்த பிரிவில் 27.5 சதவீதம், 180 வரை விட்ட பிரிவில் 24.9 சதவீதம். சர்க்கரை அபாயகரமாக இறங்கிப்போனது முதல் பிரிவில் 6.8 சதவீதம் பேருக்கு, மற்றதில் 0.5 சதவீதம் பேருக்கு. இரண்டு ஆய்வுகளுக்கும் இடையே ஊட்டம் கொடுத்த விதம் உள்ளிட்ட வேறுபாடுகள் உண்டு. ஆனாலும் ஒரே மருத்துவமனையில் நடந்து முன்கூட்டியே நின்ற ஓர் ஆய்வின்மேல் அத்தனை பாரத்தை ஏற்றியிருக்கக் கூடாது.

நிறுத்தாமல் பொறுத்ததால் உண்மை தெரிந்த கதையும் உண்டு. பிரிட்டனில் ரத்தப் புற்றுநோய்க்காக நடந்த ஏ.எம்.எல்.-12 ஆய்வில், கீமோதெரபியை நான்கு சுற்றோடு நிறுத்துவதா, ஐந்தாவது சுற்றும் கொடுப்பதா என்பது ஒரு கேள்வி. 1997இல் பார்த்தபோது ஐந்தாவது சுற்று மரண அபாயத்தை 53 சதவீதம் குறைப்பதாகத் தெரிந்தது, பி-மதிப்பு 0.003. ஒரே ஒரு சுற்று கூடியதால் இவ்வளவு பலன் வர மருத்துவத்தில் காரணமில்லை என்று தரவுக் கண்காணிப்புக் குழு தொடரச் சொன்னது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் சேர்ந்த பிறகு அந்தப் பலன் அடியோடு காணாமல் போயிருந்தது. அன்று நிறுத்தியிருந்தால், அதன் பிறகு வந்த நோயாளிகள் எல்லோரும் தேவையில்லாத ஒரு சுற்று நச்சு மருந்தைச் சுமந்திருப்பார்கள்.

தீங்குக்கு அளவுகோல் வேறு. அங்கே இவ்வளவு பொறுமை கூடாது. மாரடைப்புக்குப் பின் வரும் இதயத் துடிப்புக் கோளாறை அடக்க என்கைனைடு, பிளெகைனைடு மருந்துகளைச் சோதித்த காஸ்ட் ஆய்வு 1989 ஏப்ரலில் அந்த மருந்துகளை நிறுத்தியது. துடிப்புக் கோளாறு மருந்தால் அடங்குகிறது என்று உறுதியானவர்களைத்தான் அதில் சேர்த்திருந்தார்கள். ஈ.சி.ஜி.யில் எல்லாம் நன்றாக இருந்தது. ஆனால் மருந்து பெற்ற 755 பேரில் 63 பேரும், பிளாசிபோ (மருந்தில்லாத போலி மாத்திரை) பெற்ற 743 பேரில் 26 பேரும் இறந்திருந்தார்கள். ஆய்வு நடக்காமல் இருந்திருந்தால் அந்த மாத்திரைகள் வழக்கச் சிகிச்சையாகவே தொடர்ந்திருக்கும்.

தீங்கின் அறிகுறி பிறகு மங்கிப்போகவும் செய்யும். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்குமா என்று செல்லுலோஸ் சல்பேட் ஜெல்லைச் சோதித்த ஆய்வு ஆப்பிரிக்காவில் மூன்று இடங்களிலும் இந்தியாவில் சென்னை, பாகல்கோட் ஆகிய இரண்டு இடங்களிலும் நடந்தது. ஜெல் பயன்படுத்தியவர்களுக்குத் தொற்று அபாயம் 2.23 மடங்கு என்று இடைப் பகுப்பாய்வு காட்டியதால் 2007 ஜனவரியில் நிறுத்தினார்கள். எல்லாத் தரவும் வந்த பிறகு ஜெல் பெற்றவர்களில் 25 தொற்று, மற்றவர்களில் 16, அபாயம் 1.61 மடங்கு, பி-மதிப்பு 0.13. தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவுதான். இருந்தும் நிறுத்தியது சரியான முடிவு என்றே கருதுகிறோம். ஆரோக்கியமான பெண்களிடம் நடக்கும் தடுப்பு ஆய்வில், தீங்குக்கான எல்லைக்கோடு பலனுக்கானதைவிட எளிதில் எட்டக்கூடியதாகத்தான் இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே கோடு போட்ட புரோட்டோகால் வந்தால் ஏன் என்று கேளுங்கள்.

பணத்துக்காக நிறுத்துவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரத்த அழுத்தத்துக்கு வெராபமிலைச் சோதித்த கன்வின்ஸ் ஆய்வில் 16,602 பேர் இருந்தார்கள். வணிகக் காரணத்தால் ஸ்பான்சர் அதை இரண்டு ஆண்டு முன்னதாகவே மூடியது. மருந்து நல்லதா கெட்டதா என்ற கேள்வி கேள்வியாகவே நின்றது. கையெழுத்திட்டு உடம்பைக் கொடுத்த மனிதர்களுக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு இல்லை.

இனி, நின்ற பிறகு நடக்க வேண்டியது. உங்களால் அதிகம் மாற்ற முடிவது இங்கேதான்.

நிறுத்த உத்தரவு வந்ததும் ஸ்பான்சர் செய்யும் முதல் வேலை மருந்துக் கையிருப்பைத் திரும்பப் பெறுவது. பீட்டா பிளாக்கர், குளோனிடின், வலிப்பு மருந்துகள், மூன்று வாரத்துக்கு மேல் எடுத்த ஸ்டீராய்டு ஆகியவற்றைச் சட்டென்று நிறுத்தினால் அதுவே உயிருக்கு ஆபத்து. அளவைப் படிப்படியாகக் குறைக்கும் அட்டவணையும், அதற்கு வேண்டிய மாத்திரைகள் ஆய்வு மையத்திலேயே இருக்கும் என்ற உறுதியும் புரோட்டோகாலில் இருக்க வேண்டும். கடைசி மாத்திரைக்குப் பின் 30 நாள் கண்காணிப்பு என்று எல்லாவற்றுக்கும் ஒரே வரி எழுதுகிறார்கள். மருந்து உடலைவிட்டு ஏறத்தாழ முழுதாக நீங்க ஐந்து அரையாயுள் (உடலில் உள்ள மருந்து பாதியாகக் குறையும் காலம்) ஆகும். அமியோடரோன் போல அரையாயுள் வாரக்கணக்கில் நீளும் மருந்துக்கு 30 நாள் எதற்கும் காணாது.

அடுத்தது, யார் சொல்வது. பங்குச் சந்தையில் உள்ள கம்பெனி இந்தச் செய்தியை உடனே வெளியிட்டாக வேண்டும். அதனால் நோயாளி தொலைக்காட்சியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை வரும். தமிழில் ஒரு பக்கக் கடிதமும், தொலைபேசியில் என்ன சொல்ல வேண்டும் என்ற குறிப்பும் அனுமதியின்போதே உங்கள் கோப்பில் இருக்கட்டும். ஏன் நின்றது, மாத்திரையைத் தொடர்வதா விடுவதா, எப்போது வர வேண்டும், பயணச் செலவு யார் தருவது, தனக்குக் கிடைத்தது மருந்தா பிளாசிபோவா என்று எப்போது சொல்வார்கள் என்ற ஐந்துக்கும் அதில் பதில் வேண்டும். நின்ற தேதியோடு ஒருங்கிணைப்பாளரின் சம்பளமும் நின்றுவிட்டால், போன் எடுக்கவே ஆள் இருக்காது. குறைந்தது ஆறு மாதச் சம்பளத்தையும் ரத்த மாதிரிகளுக்கான உறைபெட்டிச் செலவையும் ஸ்பான்சர் முன்பணமாகக் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

பின்தொடர்தலைக் கைவிடாததால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியை இரண்டு தவணை போட்டால் போதுமா, மூன்று வேண்டுமா என்று அறிய 2009 செப்டம்பரில் ஓர் ஆய்வு தொடங்கியது. திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கை உட்பட நாட்டின் பல இடங்களில் நடந்தது. ஆந்திரத்திலும் குஜராத்திலும் நடந்த வேறொரு தடுப்பூசித் திட்டத்தில் சிறுமிகள் இறந்ததை ஒட்டி எழுந்த எதிர்ப்பால், 2010 ஏப்ரலில் அரசு எல்லா எச்.பி.வி. ஆய்வுகளிலும் ஊசி போடுவதை நிறுத்தியது. அந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமாகத் தெரியவில்லை, ஒப்புதல் பெற்ற முறையில்தான் குறைகள் இருந்தன என்று விசாரணை சொன்னது. அதற்குள் ஆய்வில் சேர்ந்திருந்த 17,729 பேரில் 4,950 பேர் ஒரே ஒரு ஊசியோடு நின்றுபோனார்கள். ஆய்வாளர்கள் கோப்பை மூடவில்லை. ஆண்டுதோறும் அவர்களைத் தேடிப்போய்ப் பார்த்தார்கள். 2021இல் வந்த முடிவு: எச்.பி.வி. 16, 18 வகைகளின் நீடித்த தொற்றை ஒரே தவணை 95.4 சதவீதம் தடுத்தது, மூன்று தவணைக்குச் சற்றும் குறையாமல். 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஒற்றைத் தவணையை ஏற்றதற்கு இந்தத் தரவும் ஓர் அடிப்படை. நின்றுபோன ஓர் ஆய்வு, ஏழை நாடுகளுக்கு ஊசிச் செலவைக் குறைத்துக் கொடுத்தது.

சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனைகள் விதிகளின்படி, ஆய்வு நிறுத்தப்பட்டால் விரிவான காரணத்தை 30 வேலை நாட்களுக்குள் மத்திய உரிம அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதத்தின் நகல் அதே நாளில் உங்களுக்கும் வர வேண்டும் என்று உங்கள் அனுமதிக் கடிதத்திலேயே நிபந்தனை போடுங்கள். இந்திய மருத்துவப் பரிசோதனைகளுக்கான சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் ஆய்வின் நிலையை மாற்றியதற்கான அத்தாட்சியையும் கேளுங்கள்.

புதிய விண்ணப்பங்கள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஏற்கெனவே அனுமதி தந்த ஆய்வுகளின் பட்டியலை அடுத்த கூட்டத்துக்கு எடுத்துவரச் சொல்லி, கடந்த ஆறு மாதத்தில் ஒருவரும் சேராதவற்றைத் தனியே பிரித்தெடுங்கள். பதிவேட்டில் அவற்றுக்கு எதிரே 'ஆள் சேர்ப்பு நடக்கிறது' என்று இன்னும் இருந்தால், ஆய்வாளரை அழைத்து, இதுவரை சேர்ந்தவர்களைக் கடைசியாக யார், எப்போது பார்த்தார்கள் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
மருந்துப் பரிசோதனைகளின் புள்ளியியல், ஒருங்கிணைப்புப் பணிகளில் இருப்போர் சிலர்