கிறிஸ்மஸ் மரக் கன்று வாழைக் கன்று போல மலியாதது ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மார்கழி நெருங்க நெருங்க எங்கள் நாற்றுமேடைக்கு வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "இழைய வளர்ப்பில், அதாவது சிறு திசுத் துண்டைப் போத்தலில் வளர்த்து எடுத்த வாழைக் கன்றை மலிவாகத் தருகிறீர்கள். கிறிஸ்மஸ் மரமான அரக்கேரியாவையும் அப்படியே போத்தலில் வளர்த்துத் தரலாமே?" வியாபார நேரத்தில் நின்று விளக்க முடிவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

வாழை தானாகவே பக்கக் கன்று விடுகிற சாதி. அதன் குருத்து நுனியைச் சீனியும் சத்துக்களும் கலந்த ஏகார் என்ற கடற்பாசிக் கூழில் வைத்தால் ஒன்று பலவாகிவிடும். அரக்கேரியா போன்ற ஊசியிலை மரங்கள் அவ்வளவு லேசில் இணங்காது. போன வருடம் நாங்களே முயன்று பார்த்தோம். ஜாம் போத்தல்களில் கூழை ஊற்றி, பிரஷர் குக்கரில் 121 பாகையில் 20 நிமிடம் அவித்து, நுனித் துண்டுகளை நட்டோம். மூன்றாம் நாள் வெட்டுவாயைச் சுற்றித் தேயிலைச் சாயம் போல ஒரு பழுப்பு வட்டம். ஒரு கிழமையில் அது போத்தலின் ஓரம்வரை பரவி, துண்டு கருகிப்போனது. கூழில் கரித்தூள் கலந்தபோது சில தப்பின. கறுப்புக் கூழின் நடுவில் பச்சையாக ஒரு முளை நின்றதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம். ஆனால் ஒன்றுகூட வேர் விடவில்லை.

அரக்கேரியாவுக்கு இன்னொரு குணமும் உண்டு. பக்கக் கிளையில் எடுத்த துண்டு வேர்விட்டாலும் கிளையாகவே படுத்து வளரும், நிமிராது. போத்தலில் வளர்த்தாலும் அந்தப் பழக்கம் போகாது. நேர்த்தண்டில் எடுத்ததுதான் நேராக எழும். அதற்குத் தாய்மரத்தின் தலையை வெட்ட வேண்டும், அப்படி வெட்டியும் கிடைப்பது சில துண்டுகளே.

இதை நாங்கள் பட்டுத்தான் படித்தோம். மூன்று வருடத்துக்கு முன் வெளியிடம் ஒன்றில் வாங்கி விற்ற கன்றுகள் உவர்மலையிலும் நிலாவெளியிலும் சில வீடுகளில் இன்னும் சாய்ந்தே நிற்கின்றன. "கொஞ்ச நாளில் நிமிரும்" என்று சொல்லி அனுப்பியது எங்கள் பிழை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

"எங்கள் கோயில் முற்றத்து மரத்தைப் போலவே ஒன்று வேண்டும்" என்று கேட்கிறவர்களுக்கும் ஒரு சொல். வெளிநாடுகளில் காடு வளர்ப்பவர்கள் போத்தலில் ஊசியிலை மரம் வளர்க்கத்தான் செய்கிறார்கள். 1985இல் நோர்வே ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் முற்றாத விதைக் கருவிலிருந்து புதுக் கருக்களைப் பெருக்கிக் காட்டினார்கள். இன்று அப்படிப் பெருகுவதில் ஒரு பங்கைத் திரவ நைதரசனில், பூச்சியத்துக்குக் கீழே 196 பாகையில் உறைய வைத்துவிட்டு, மறுபங்கை வயலில் நட்டு வருடக்கணக்காகப் பார்க்கிறார்கள். நன்றாக வந்த வம்சத்தை மட்டும் உருக்கி எடுத்துப் பெருக்குகிறார்கள். அருமையான வேலை. ஆனால் அது தொடங்குவது விதையில். முதிர்ந்த மரத்தின் திசு அந்த இளமைக்குத் திரும்புவது மிக அரிது. அதனால் முற்றத்து மரத்தின் நகலை எங்களால் தர முடியாது.

சரி, இந்த வருடம் எங்களிடம் இருப்பவை எல்லாம் விதைக் கன்றுகள். அரக்கேரியா விதையை வைத்திருக்க வைத்திருக்க முளைப்புத் திறன் வேகமாகக் குறையும், வந்த கையோடு போட வேண்டும். விலை கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம். எங்கே வாங்கினாலும் தலையைப் பார்த்து வாங்குங்கள். நல்ல கன்றில் கிளைகள் தண்டைச் சுற்றி அடுக்கடுக்காக நிற்கும். கிளைத்துண்டில் வந்தது மீன்முள் மாதிரி இரண்டு பக்கம் மட்டுமே விரியும்.

இந்த மரம் நம் கடற்கரை உப்புக் காற்றைத் தாங்கும். இளங்கன்றை வாட்டுவது வறண்ட கச்சான் காற்றுத்தான். ஐப்பசி மழை விழுந்த பிறகு நிலத்தில் நடுங்கள், அதுவரை சாடியில் நிழலில் இருக்கட்டும்.

சாய்ந்த மரம் வைத்திருப்பவர்கள் அதன் படம் ஒன்றைக் கொண்டு வாருங்கள். காசு வாங்காமல் ஒரு விதைக் கன்று தருகிறோம். ஞாயிறு தவிர எந்தப் பின்னேரமும் ஆள் இருப்போம்.

அன்புடன்,
உங்கள் நாற்றுமேடைக்காரர்,
திருகோணமலை