2024–25 ஆண்டறிக்கை: வேலியோர எருக்கு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

ஏற்காடு அடிவாரத்தில் உள்ள நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஓராண்டு வேலைகளைச் சமர்ப்பிக்கிறேன். தெருவிளக்கு, சாக்கடை விவகாரங்களை மாதக் கூட்டங்களிலேயே பேசித் தீர்த்தோம்; தீராதவற்றையும் பேசினோம். பூங்கா மூலையில் நடந்ததைத்தான் இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும்.

போன சித்திரையில் வண்ணத்துப்பூச்சிகளுக்காகத் தோட்டம் போடத் தீர்மானித்து, சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் பால்செடிகளைக் காசு கொடுத்து வாங்கி நட்டோம். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி என்பது அப்போது எனக்குத் தெரியாது. எருக்கில் முட்டையிடும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி அதிலும் முட்டையிடத்தான் செய்தது. ஆனால் பொரித்த புழுக்கள் சுருண்டு விழுந்தன. விற்பனைக்கு முன்பே செடிக்கு மருந்தடித்திருந்தார்களாம். அதே வாரம் சுத்தம் செய்கிறோம் என்று வேலியோரத்து எருக்கையெல்லாம் வெட்டிப் போட்டிருந்தோம். வெட்டச் சொன்னது நான்தான். தீர்மானப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது.

எருக்கு நம்மைப்போல் கோபித்துக்கொள்ளவில்லை. ஆடிக்குள் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்துவிட்டது. இலையின் அடிப்புறத்தில் ஒவ்வொன்றாக வெளிறிய முட்டைகள்; பிறகு கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளும் மூன்று ஜோடி கொம்புகளுமாகப் புழுக்கள். வளர்ந்த புழு முதலில் இலை நரம்பைக் கடித்துப் பாலை வடியவிட்டு, அப்புறம்தான் தின்கிறது. பிள்ளைகள் டியூஷனை மறந்து நின்று பார்த்தார்கள். இலையோடு உள்ளே போகும் நஞ்சு உடம்பிலேயே தங்குவதால் பறவைகள் பெரும்பாலும் இந்தப் பூச்சியைத் தொடுவதில்லை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் நமக்கும் ஆபத்துதான், பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

குடியிருக்கும் இடத்தில் எருக்கு ஆகாது என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் ஆட்சேபித்தார்கள். வெள்ளெருக்கு வேரில் செய்த பிள்ளையாரைப் பூஜையறையில் வைத்திருப்பவர்களும் அவர்களே! கடைசியில், வேலிக்கு வெளிப்புறம் மட்டும் விடுவது என்று சமரசமானது.

வேலியின் மேல் வேலிப்பருத்தி தானாகவே ஏறியிருக்கிறது. நீல வரியன் என்ற இன்னொரு வண்ணத்துப்பூச்சி முட்டையிடும் பெருங்குறிஞ்சான் கொடியையும் இந்த ஆண்டு ஏற்ற வேண்டும். ஐப்பசி மழையை ஒட்டிச் சேர்வராயன் மலைப் பக்கமிருந்து மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வலசை போகும் கூட்டத்தில் நீல வரியனும் உண்டு. நம் மொட்டைமாடிகளைத் தாண்டித்தான் போகிறது. பலரும் துணி காயப்போடும்போது பார்த்திருப்பீர்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அதில் 'செடி வாங்கியது' என்ற செலவு இனி வராது.

ஒரு வேண்டுகோள். பிள்ளையார் சதுர்த்தி மாலைக்கு எருக்கம்பூ பறிப்பவர்கள் கிளையோடு ஒடிக்காமல் பூவை மட்டும் பறியுங்கள். கிளையைத் தொடுவதற்கு முன் இலையைத் திருப்பிப் பாருங்கள், முட்டை இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்