குனியாதே, தூக்காதே, சிந்தாதே

அயனாவரம், சென்னை
மார்கழி

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்தது. மீனாவுக்குப் பாளையங்கோட்டையிலேயே வேலை கிடைத்ததில் எனக்கும் நிம்மதி. இனி நீ ராத்திரி பஸ்ஸுக்குக் காத்திருந்து பிரஷரை ஏற்றிக்கொள்ள வேண்டாம். மாப்பிள்ளை பார்க்கும் பேச்சை மட்டும் ஒரு வருஷம் தள்ளிப் போடு. அவள் கையில் நாலு காசு பார்க்கட்டும். உனக்குக் கோபம் வரும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

உன் வீட்டு அண்ணனுக்கும் மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது, ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள், நீ செய்துகொண்டாயே, எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறாய். ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமே இல்லையடி. மயக்க ஊசி போட்டார்கள், கண் விழித்தபோது முடிந்திருந்தது. எனக்கு மூக்கின் நடுத்தண்டு ஒரு பக்கம் வளைந்திருந்தது, இரண்டு பக்கமும் பாலிப், அதுதான் அந்தச் சதை, கன்னத்து எலும்புக்குள் காற்று நிற்கிற பொந்துகளான சைனஸ்களின் வாய் அடைத்துக் கிடந்தது. எல்லாவற்றையும் மூக்குத் துவாரம் வழியாகவே எண்டோஸ்கோப் என்கிற மெல்லிய டெலஸ்கோப் விட்டுச் செய்துவிட்டார்கள். முகத்தில் ஒரு கீறல் கிடையாது. வலியும் பல் பிடுங்கியதைவிடக் குறைவு. ஆனால் அன்று ராத்திரி முழுக்க மூக்கை அடைத்துப் பஞ்சு வைத்திருந்ததால் வாயால்தான் மூச்சு. நாக்கும் தொண்டையும் காய்ந்து ஒட்டிக்கொண்டன. அதுதான் பெரிய கஷ்டம். ஈரத்துணியை உதட்டின் மேல் போட்டுக்கொள்ளச் சொல். விழுங்கிய ரத்தம் வயிற்றைப் புரட்டும். ஒரு தடவை வாந்தி எடுத்தால் பயப்படாதீர்கள். மறுநாள் பஞ்சை எடுத்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

நான் எழுத நினைத்தது வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததை. டிஸ்சார்ஜ் அன்று நர்ஸ் ஒரு தாளைக் கொடுத்தாள். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, மூக்குச் சிந்தக் கூடாது, முக்கக் கூடாது, அடுப்பு வெக்கையில் நிற்கக் கூடாது, தூசி புகை ஆகாது, கொதிக்கக் கொதிக்க எதையும் குடிக்கக் கூடாது, தலையை உயர்த்திப் படுக்க வேண்டும், தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும். இவர் அதை ஆட்டோவிலேயே படித்துவிட்டு, “அப்போ வீட்டிலே நீ என்னதான் பண்ணுவே?” என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். அந்தத் தாளில் இருந்தது நான் காலை நாலரை மணி முதல் ராத்திரி பத்து மணி வரை செய்கிற வேலைகளின் பட்டியல்.

ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. குனிந்தாலும் முக்கினாலும் தலையில் ரத்த அழுத்தம் ஏறி, ஆறாத இடத்தில் கசியத் தொடங்கிவிடும். சூடும் அப்படித்தான், ரத்தக்குழாயை விரிக்கும். மூக்குச் சிந்துவது ஏன் ஆகாது என்பதுதான் எனக்குப் புதிது. கண்ணுக்கும் பக்கத்துச் சைனஸுக்கும் நடுவில் இருக்கும் எலும்புக்குக் காகிதத் தகடு என்றே டாக்டர்கள் லத்தீனில் பேர் வைத்திருக்கிறார்களாம். அவ்வளவு மெல்லிசு. வேகமாகச் சிந்தினால் காற்று அந்தப் பக்கம் புகுந்து கண் இமை உப்பிப் போகலாம். இதைக் கேட்ட பிறகு எனக்குச் சிந்துகிற ஆசையே போய்விட்டது. மூக்கின் கீழே சின்னப் பஞ்சை வைத்துப் பிளாஸ்திரி போட்டு, ஒழுகுவதை அதில் ஒழுகவிட்டு, கிழவர் மீசை மாதிரி அதைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மார்கழியில் கோலம் போடாமல் ஒரு பெண்ணை உட்காரவைத்துப் பார், தெருவே வந்து விசாரிக்கும். இவர் ரங்கநாதன் தெருவுக்குப் போய்க் கோல அச்சு வாங்கிவந்து ஒரு தாமரையை வாசலில் குத்தினார். அதுவும் கோணல். எதிர்வீட்டு அம்மா வந்து பார்த்துவிட்டு, “சார் போட்டதா?” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போனாள். பாவம், மூக்கால் அழாமல்தான் எல்லாம் செய்தார். சமையலில் ரசம் ஒன்றுதான் அவருக்கு வரும், அதில் மிளகாயைக் கருகத் தாளித்து என்னைத் தும்ம வைப்பார். தாளிக்கும்போதெல்லாம் நான் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். மாடியில் மெட்ரோ தூசி. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரைக்கும் தோண்டுகிறார்களே, அந்தப் பாதை எங்கள் அயனாவரம் வழியாகத்தான் போகிறது. மாஸ்க் போட்டுக்கொண்டு நின்றேன்.

அப்புறம் மாமியார். அவர் ஆயுதம் நொச்சி. ஊரிலிருந்து ஒரு கட்டு வரவழைத்து, மஞ்சள் போட்டு ஆவி பிடிக்கத் தயாராக வைத்திருந்தார். முதல் வாரத்தில் ஆவி கூடவே கூடாது, ரத்தம் வந்துவிடும் என்று சொன்னால், “நாங்கள் பிடிக்காத ஆவியா?” என்கிறார். சளி பிடித்த நாளில் நொச்சிக்கு நானும் எதிரி இல்லை. ஆனால் இது புண். நெற்றியில் நீர்க்கோவை மாத்திரை பற்றுப் போடலாம் என்று ஒரு சமரசத்துக்கு வந்தோம். போட்டதில் குளிர்ச்சியாக இருந்தது, கெடுதல் இல்லை, அவருக்கும் சமாதானம். மூக்குத்தி விஷயத்தில்தான் சமாதானம் இன்னும் ஆகவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் கழற்றியே ஆக வேண்டும் என்றார்கள். திருகு இறுகிப்போய் ஆசாரியைக் கூப்பிட்டுக் கழற்ற வேண்டியதாகிவிட்டது. துளை தூர்ந்துவிடுமே என்று மாமியார் வேப்பங்குச்சியும் கையுமாக நிற்கிறார். தூர்ந்தால் தூர்ந்து போகட்டும், மூச்சு வருகிறதே.

இப்போது நீ கவனித்துப் படிக்க வேண்டிய இடம், கழுவுவது. தினமும் உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவ வேண்டும். வெறும் தண்ணீர் எரியும், நம் உடம்பு நீருக்கு இருக்கிற உப்பு அதற்கு இல்லை. லிட்டருக்கு 9 கிராம் என்பது கணக்கு. எனக்கு உப்பும் சோடா உப்பும் கலந்த பாக்கெட்டே கொடுத்தார்கள், ஒரு பாக்கெட்டுக்கு 240 மில்லி. தண்ணீர்தான் முக்கியம். கொதிக்கவைத்து ஆறவைத்தது, இல்லாவிட்டால் மருந்துக்கடையில் வாங்கிய டிஸ்டில்டு வாட்டர். கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், லாரித் தண்ணீர் எதுவும் நேரடியாக ஆகாது. குடிக்கலாம், மூக்கில் விடக் கூடாது. 2024, 2025இல் கேரளத்தில் மூளையைத் தின்னும் அமீபா என்று பேப்பரில் அடிபட்டதே, அந்த வகைக் கிருமி வயிற்றுக்குள் போனால் ஒன்றும் செய்யாது, மூக்கு வழியாகப் போனால்தான் ஆபத்து. 2011இல் அமெரிக்காவில் லூசியானாவில் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவி இரண்டு பேர் இறந்தே போயிருக்கிறார்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. காய்ச்சினால் போதும்.

கழுவும்போது வாஷ்பேசினில் லேசாகச் சாய்ந்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, ஒரு துவாரத்தில் பாட்டிலை மெதுவாக அழுத்தினால் மற்றதன் வழியே வருகிறது. முதல் தடவை மூழ்குகிற மாதிரி இருந்தது, நாலாம் நாள் பழகிவிட்டது. என்னென்ன வந்தது என்று எழுதினால் நீ சாப்பிட மாட்டாய். நடுத்தண்டுக்கு ஆதாரமாக உள்ளே வைத்திருந்த பிளாஸ்டிக் தகட்டை ஒரு வாரம் போல ஆனதும் எடுத்தார்கள். அன்றைக்கு உள்ளே போன காற்றைச் சொல்ல முடியாது, கோமதி. பல வருஷமாக நான் மூச்சே விடவில்லை என்று தோன்றியது.

ஆனாலும் பொருக்கு கட்டிக்கொண்டே இருக்கிறது. டாக்டர் டெலஸ்கோப்பை விட்டுப் பார்த்து உறிஞ்சி எடுக்கிறார். இதற்கு வரச் சொல்லும் நாளில் போகாமல் இருக்கக் கூடாது, உள்ளே ஒட்டிக்கொண்டால் திரும்ப அடைத்துவிடும். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அவர் ஒன்று சொன்னார். சைனஸுக்குள் இருக்கிற சின்னச் சின்ன ரோமங்கள் சளியை எப்போதும் இயற்கையான வாயை நோக்கித்தான் தள்ளுமாம். கன்னத்துச் சைனஸில் அந்த வாய் மேலே இருக்கிறது. அதனால் சளி கீழே இருந்து மேலே ஏறுகிறது! எங்கள் பெரியப்பாவுக்கு அந்தக் காலத்தில் மேலுதட்டைத் தூக்கிக் கீறி, எலும்பை உடைத்து, கீழே ஒரு ஓட்டை போட்டார்கள், முகம் வீங்கி ஒரு மாதம் கிடந்தார். ஓட்டை கீழே இருந்தாலும் ரோமங்கள் பழைய வாசலுக்கே தள்ளிக்கொண்டிருந்தால் என்ன பயன்? ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்து மெஸ்ஸர்கிளிங்கர் என்ற டாக்டர் எண்டோஸ்கோப்பை வைத்து இதையெல்லாம் பார்த்து எழுதிய பிறகுதான், 1980களில் இந்த முறை உலகம் முழுக்கப் பரவியதாம். இயற்கையான வாயையே பெரிதாக்கிவிடுவது, மீதியை ரோமங்கள் பார்த்துக்கொள்ளும். அந்த ரோமங்கள் தேறி வேலைக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆகும், அதுவரைக்கும்தான் இந்தக் கழுவல்.

வாசனை இன்னும் முழுசாக வரவில்லை. பெட்ரோல் தெரிகிறது, கற்பூரம் தெரிகிறது, மல்லிகை தெரியவில்லை. பால் திரிந்ததா என்று பையனைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது. காஸுக்கு நாற்றம் சேர்த்திருப்பதே கசிவு தெரிவதற்குத்தானே, அது எனக்கு வராது என்பதால் ராத்திரி ரெகுலேட்டரை மூடினாயா என்று இவரை மூன்று தடவை கேட்கிறேன்.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு வீசிங் உண்டு. தலைவலி, உடம்புவலி மாத்திரை போட்டால் இழுப்பு அதிகமாகிறதா என்று யோசித்துப் பார். பாலிப், ஆஸ்துமா, ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை ஒத்துக்கொள்ளாமை மூன்றும் சேர்ந்து வருகிற ஒரு வகை உண்டு. டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த வகையில் பாலிப் திரும்ப வளர்வதும் அதிகம். ஆபரேஷன் செய்தாலும் மூக்கில் அடிக்கிற மருந்து ஸ்ப்ரே நிற்காது என்பதை இப்போதே அவர் மனதில் ஏற்று. வலது மூக்குக்கு இடது கையால், காது பக்கம் பார்த்து அடிக்கச் சொல். நடுத்தண்டில் அடித்தால் ரத்தம் வரும். செய்த பிறகு மூக்கிலிருந்து தெளிந்த தண்ணீர் மாதிரி, முக்கியமாகக் குனியும்போது, சொட்டினாலும், பார்வை மங்கினாலும், கண் வீங்கினாலும், கழுத்து விறைத்துக் காய்ச்சல் வந்தாலும், சிவப்பாக நிற்காமல் ரத்தம் வந்தாலும் காலை வரை காத்திருக்காதே, உடனே கிளம்பு.

நாள் பார்ப்பதானால் போகி கழிந்து வை. உங்கள் ஊரில் எப்படியோ, இங்கே டயர் வரைக்கும் கொளுத்துகிறார்கள். 2018 போகியன்று மீனம்பாக்கத்தில் புகையால் விமானமே இறங்க முடியாமல் வேறு ஊருக்குத் திருப்பினார்கள். இந்தப் போகிக்கு நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளறையில்தான்.

மற்றபடி அண்ணனுக்கு இந்த ஓய்வு ஒன்றும் சிரமமாக இருக்காது. குனியாமல், தூக்காமல், அடுப்பங்கரைக்கு வராமல் உட்கார்ந்திருப்பதில் அவருக்கு ஏற்கெனவே அனுபவம் உண்டு. கஷ்டம் உனக்குத்தான். தண்ணீரைக் காய்ச்சி ஆற்றி, பாட்டிலைக் கழுவி, பாக்கெட் கலந்து கையில் கொடுக்கிற வேலையை முதல் நாளே ஏற்றுக்கொண்டால் அது உன்னோடே இருந்துவிடும். அவரையே காய்ச்சச் சொல். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து மீனாவை விட்டு எனக்கு அனுப்பச் சொல், அடுத்த தடவை டாக்டரிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
வசந்தா